துரைசாணி பேசிய தமிழ்

என் படுக்கையறைச் சன்னலில், சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒரு மரத்துண்டு செருகியிருக்கிறது. கட்டைவிரல் அளவுதான். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் சரிந்து, பல வருடம் கைபட்டதில் வழுவழுப்பாகக் கறுத்துப்போனது. அது இருக்கும்வரை சன்னலை முழுதாகச் சாத்த முடியாது. ஏசி ஓடுகிற அறையில் சன்னலைத் திறந்து வைப்பது எந்த ஊர் நியாயம் என்று என் மகன் தினமும் சண்டைக்கு வருகிறான். அவன் சொல்வது சரிதான். ஆனாலும் அதை எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. அது என்னிடம் ஒரு துரைசாணி விட்டுப்போன பொருள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் நர்ஸாக இருந்தேன். ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு பழைய வீட்டில் தனியாக இருந்த ஆங்கிலேய மூதாட்டிக்கு நுரையீரல் கெட்டுப்போய், பகல் முழுவதும் கூட இருந்து பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். நமக்கு வடக்கே மேட்டுப்பாளையம் தாண்டி ஏறினால் வருகிற மலையில், உறைபனி விழும் உயரத்தில், தேயிலைத் தோட்டம் போட்ட குடும்பம் அவருடையது. ஒரு காலத்தில் மட்டக்குதிரையில் ஏறிவந்த வெள்ளைக்காரப் பயணிகள் அவர்கள் வீட்டில் தங்கி, எங்கள் சீமையைப் போலவே இருக்கிறது என்று மெச்சிவிட்டுப் போவார்களாம். மற்றவர்கள் எல்லாம் கப்பலேறிப் போன பிறகும் இவர் போகவில்லை. குளிர் இனி ஆகாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் கீழே இறங்கினார். வெள்ளைக்காரிக்குப் பணிவிடை செய்ய எனக்கு முதலில் துளியும் விருப்பமில்லை. வேண்டாவெறுப்பாகத்தான் போனேன்.

போன முதல் நாளே அவர் என்னைச் சிரிக்க வைத்துவிட்டார். "ஏனுங்க அம்மணி, சித்த தண்ணி கொண்டாங்க" என்றார். எங்கள் கிணத்துக்கடவுப் பக்கம் பெரியவர்கள் பேசுகிற அதே பேச்சு, அதே இழுப்பு. வீட்டுக்குள் வரும் பூனையைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவார். தோட்டத்துத் துரைகள் தமிழ் பேசினால் வா, போ என்று அதிகாரமாகத்தான் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டேன். ஆயாவிடம் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

சித்திரை மாதத்தில் ஒரு மதியம் புழுதிக் காற்று அடித்தது. கட்டிலெல்லாம் மண். அவர் தூங்கிக்கொண்டிருந்ததால் சன்னலில் அவர் எப்போதும் செருகி வைத்திருந்த அந்த மரத்துண்டை உருவிப் போட்டுவிட்டு இறுகச் சாத்தினேன். சற்று நேரத்தில் கண்ணாடி உடையும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஆக்ஸிஜன் குழாயைப் பிய்த்தெறிந்துவிட்டு, எழுந்து நிற்கவே தெம்பில்லாத மனுஷி கைமுட்டியால் சன்னலை உடைத்திருக்கிறார். கையெல்லாம் ரத்தம். நான் கோபக்காரி. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் கட்டுப் போட்டேன். நான் திட்டி முடியும்வரை காத்திருந்துவிட்டு, அவர் மூச்சு வாங்க வாங்கச் சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்கு அப்போது ஏழு வயது. தம்பி கைக்குழந்தை. தாய்க்குப் பால் இல்லாததால், தோட்டத்து மேஸ்திரி தாராபுரம் பக்கமிருந்து தன் தங்கையையே மலைக்குக் கூட்டிவந்தார். பெற்றுச் சில மாதமே ஆன தன் மகனை ஊரில் விட்டுவிட்டு, அவள் இந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். துரைசாணியையும் அவளே பார்த்துக்கொண்டாள், தமிழ் பேசப் பழக்கியதும் அவள்தான். பெரிய துரைக்கு வீடென்றால் சீமையில் இருப்பதைப் போலவே இருக்க வேண்டும். பனி மாதம் பிறந்ததும் சன்னல் இடுக்குகளில் எல்லாம் பசை தடவித் தாள் ஒட்டச் சொல்வார். அங்கே அவருடைய அப்பா அப்படித்தான் செய்வாராம். அங்கே கணப்புக்குப் புகைபோக்கி இருந்தது. இங்கேயும் இருந்ததுதான், ஆனால் அது சரியாக இழுக்காமல் புகை அறைக்குள் சுற்றியது, குழந்தை இருமியது. அதனால் அதைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, ஓர் இரும்புச் சட்டி நிறைய மரக்கரியைக் கனிய வைத்து உள்ளே வைக்கச் சொன்னார். கரி நெருப்பில் புகையே வராது என்று அவருக்குப் பெருமை. தாள் ஒட்டிய அறையில் அந்தச் சட்டியிலிருந்து வரும் விஷக்காற்று என்ன செய்யும் என்று அவருக்கும் தெரியவில்லை, சமவெளியிலிருந்து போன ஆயாவுக்கும் தெரியவில்லை. துரைசாணி அன்று இரவு காதுவலி என்று தாயோடு படுத்துக்கொண்டார். விடிந்து கதவைத் திறந்தபோது குழந்தை ஆயாவின் மார்பில் கிடந்தது. இரண்டு பேருக்கும் உயிரில்லை.

"ஆயாதான் குளுருக்குப் பயந்து, தெரியாம சட்டியக் கொண்டாந்து வெச்சுப்போட்டாங்கன்னு எங்கப்பா எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டாருங்க. வெக்கச் சொன்னது அவருதான். நான் பக்கத்துலதானுங்க நின்னேன். யார்த்துகிட்டயும் சொல்லலீங்க" என்றார். தம்பிக்குத் தேவாலயத்தில் சலவைக்கல் நாட்டினார்கள். ஆயாவைத் தேயிலைக்காட்டில் எங்கோ புதைத்தார்கள். மேஸ்திரியை அன்றைக்கே வேலையைவிட்டு விரட்டினார்கள். அப்பா செத்த பிறகும் அவர் பெயர் கெடக்கூடாது என்று இவர் வாயைத் திறக்கவில்லை. ஊரைவிட்டுப் போகாமல் இருந்ததும் அந்தக் காட்டைவிட்டுப் போக மனம் வராமல்தான். இப்போது அவருக்கு ஆகவேண்டியவை இரண்டு. அந்தக் குடும்பத்தாரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆயாவின் பெயரைக் கேட்டு அவளுக்கு ஒரு கல் நாட்ட வேண்டும். பெயர் அவருக்குத் தெரியாது. ஆயா என்றே கூப்பிட்டுப் பழகியவர்.

என் தங்கையைத் தாராபுரத்தில்தான் கொடுத்திருந்தது. அவளை விசாரிக்கச் சொன்னேன். சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். அதொன்றும் கஷ்டமாக இல்லையாம். தொரை கொழந்தையக் கொன்னுபோட்டவ ஊடு எது என்று கேட்டால் அந்த ஊரில் இன்றைக்கும் வழி காட்டுகிறார்களாம். இதைத் துரைசாணியிடம் நான் மறைக்கவில்லை. அவர் கேட்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. கேட்டுவிட்டு, என்னை அங்கே கூட்டிப்போங்க என்றார்.

இனி இருக்கப்போவது கொஞ்ச நாள்தான், போய் வரட்டும் என்று மருத்துவர் விட்டுவிட்டார். காரில் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு பல்லடம் வழியாகப் போனோம். ஊரைத் தாண்டி, மக்காச்சோளக் காட்டின் நடுவே ஓட்டு வீடு. ஆயாவின் மகன் வேப்பமர நிழலில் நின்றிருந்தார். எழுபதை நெருங்கிய வயது, நிமிர்ந்த உடம்பு. யாரென்று தெரிந்த பிறகும், "வாங்க, வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல உக்காருங்க" என்று கட்டிலைக் காட்டினார். இளநீர் வெட்டித் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார்.

துரைசாணி ஒன்றையும் விடாமல் சொன்னார். நடுவில் மூச்சு முட்டியபோதெல்லாம் நான் குழாயைச் சரிசெய்தேன். பெரியவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "எங்க மாமன் இருக்கறப்ப இதைச் சொல்லியிருக்கோணுமுங்க" என்றார். "நாந்தான் தங்கச்சியக் கொண்டுபோய்க் குடுத்தேன், அவ இப்பிடிப் பண்ணிப்போட்டாளேன்னு அழுதே செத்தாருங்க. எனக்குப் பொண்ணுக் குடுக்க ஒருத்தரும் வர்லீங்க. இப்பச் சொல்லி என்னங்க ஆகப்போவுது?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கிளம்பலாம் என்று நான் எழுந்தபோது அவராகவே துரைசாணியைக் கேட்டார். "நீங்க பேசறது எங்கம்மா பேச்சுங்களா?"

ஆமாம் என்று அவர் தலையசைத்தார்.

"நான் அவ பேசிக் கேட்டதில்லீங்க. உங்களைத் தூங்க வெக்கறப்ப என்ன சொல்லுவாளுங்க?"

துரைசாணி கண்ணை மூடிக்கொண்டார். இருமலில் உடைந்துபோன அந்தக் கிழட்டுக் குரல் எப்படியோ இளகியது. "கண்ண மூடுங்க கண்ணு. நான் எங்கீம் போவலீங்க. இங்கயேதான் இருக்கறேன்" என்றார்.

பெரியவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ஒரு குழந்தைபோல அவர் தோள் குலுங்கியது. தன் தாய் தனக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை, அந்த வயதில், ஒரு வெள்ளைக்காரி வாயால் முதன்முதலாகக் கேட்கிறார். பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அவர் தேறி வந்தபின், கல்லில் பொறிப்பதற்குப் பெயரைச் சொல்லுங்கள் என்று நான்தான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் துரைசாணியைப் பார்த்துச் சொன்னார்.

"அவ பாலு உங்க ஊட்டுக்குப் போயிருச்சு. பேச்சும் உங்ககிட்ட இருக்குது. பேராச்சும் எங்ககிட்ட இருக்கட்டுமுங்க."

சொல்லிவிட்டுக் கார்வரை வந்து, கைகூப்பி, "பாத்துப் போங்க" என்று வழியனுப்பினார். அன்றைக்குப் பிறகு துரைசாணி தமிழே பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் கேட்டார், அதற்கும் மூச்சில்லாதபோது கையைக் காட்டினார். பூனை வந்தால் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ முறை வம்புக்கிழுத்தும் பயனில்லை. எனக்குச் சில நாள் கோபம்கூட வந்தது, இந்த வயதில் என்ன வீம்பு என்று. வீம்பு இல்லை என்று பிறகு புரிந்தது. தன்னுடையதில்லாத பொருளைத் திருப்பி வைத்துவிட்டார்.

கடைசி நாளில் அவருடைய கண் அங்குமிங்கும் அலைபாய்ந்தது. பயம் என்று தெரிந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊரில் எந்தக் குழந்தைக்கும் சொல்வதைத்தான் சொன்னேன், "கண்ண மூடுங்க கண்ணு, நான் இங்கயேதான்..." முடிப்பதற்குள் அவர் கை மெல்ல எழும்பி என் வாயைப் பொத்தியது. வேண்டாம் என்று தலையசைத்தார். அந்த ஆறுதலையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, அது திறந்திருக்கிறதா என்று பார்த்தார். திறந்துதான் இருந்தது.

நேற்று என் மகன் அந்த மரத்துண்டை எடுத்துக் குப்பையில் போட்டிருந்தான். தேடி எடுத்து, கழுவி, மறுபடி செருகினேன். இது யாருடையது என்று என் பேத்தி கேட்டாள். துரைசாணியைப் பற்றிச் சொன்னேன், ஆயாவைப் பற்றியும் சொன்னேன். "அந்த ஆயா பேரு என்ன?" என்றாள். தெரியாது என்றேன்.