நாராயணப்பாவின் எட்டு நிமிடம்

1. வாய்க்கொழுப்பு

"ஒண்ணாம் தேதி காலையில இது ஓடலன்னா, ஓசூருக்குத் தனியா சிஸ்டம்ஸ் செக்‌ஷன் வேண்டாம், பெங்களூர்ல இருந்தே பாத்துக்கலாம்னு ஹெட் ஆபீஸ்ல முடிவு பண்ணிடுவாங்க. தெரிஞ்சுதான் ஒத்துக்கறீங்களாம்மா?" என்று ஜி.எம். கேட்டார்.

தெரியும் சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எங்கள் தொழிற்சாலையில் சிஸ்டம்ஸ் செக்‌ஷன் என்றால் நான் ஒருத்திதான். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். தெரிந்தே விட்டேன். எல்லாம் வாய்க்கொழுப்பு.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நடந்தது இது. வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. மூக்கண்டப்பள்ளியைத் தாண்டி, தொழிற்பேட்டைக்குள் இருந்தது. லீவு, கேட் பாஸ், ஸ்டோர்ஸில் சாமான் கேட்கும் இண்டெண்ட் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து பெங்களூர்க்காரர்கள் ஒரு வெப் அப்ளிகேஷன் செய்து கொடுத்திருந்தார்கள். அதற்கு ஒரு பாஸ்வேர்டு, விண்டோஸுக்கு ஒரு பாஸ்வேர்டு. என் பாதி நாள் பாஸ்வேர்டு ரீசெட் செய்வதிலேயே போய்விடும். ஸ்டோர்ஸில் ஒருவர் தன் பாஸ்வேர்டை மானிட்டர் மேலேயே மார்க்கரில் எழுதி வைத்திருந்தார். கேட்டால், "யார் வேணா பாக்கட்டும் மேடம், நான் மறந்துட்டா யாராச்சும் சொல்வாங்க இல்ல?" என்றார்.

இதற்கு முடிவு கட்டத்தான் சிங்கிள் சைன் ஆன். காலையில் விண்டோஸில் ஒரு தடவை லாகின் செய்தால் போதும். அப்ளிகேஷனைத் திறந்ததும் அதுவே ஆளை அடையாளம் கண்டு உள்ளே விடும். அதைச் செய்து முடிக்க எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு நாள். வேலை பெங்களூருக்குப் போனால் நானும் போகவேண்டும், இல்லையென்றால் ராஜினாமா. வீட்டுக்காரருக்கு வேலை ஓசூரில், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மத்திகிரியில். எனக்குப் போக்கிடம் இல்லை.

2. ரீஸ்டார்ட் செய்தால் ஓடும்

ஆறு நாளில் முக்கால்வாசி முடித்துவிட்டோம். பெங்களூர் கம்பெனி அனுப்பிய பையன் கிரண், கெட்டிக்காரன். கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசுவான், என் தமிழும் அவனுக்குப் புரியும். ஆபீஸில் எல்லா பி.சி.யிலும் அப்ளிகேஷன் வெண்ணெய் மாதிரி திறந்தது. டைம் ஆபீஸ் பி.சி., கேட் செக்யூரிட்டி பி.சி. இரண்டும்தான் மக்கர் செய்தன. கேட் பி.சி. ஓடாவிட்டால் கேட் பாஸ் அடிக்க முடியாது, லாரி வெளியே போகாது. அதாவது, மொத்தமும் ஓடாத மாதிரிதான்.

வேடிக்கை என்னவென்றால், ரீஸ்டார்ட் செய்தால் ஓடும். கிரண் ரீஸ்டார்ட் செய்வான், திறக்கும், "எல்லா ஓகே இதே மேடம்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவான். கொஞ்ச நேரத்தில் செக்யூரிட்டியிடமிருந்து போன் வரும், மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கிறது என்று. இப்படியே இரண்டு நாள். மூன்றாவது நாள் அவன் நெட்வொர்க் இஷ்யூ என்றான். கம்ப்யூட்டர்க்காரனுக்குக் காரணம் தெரியவில்லை என்றால் நெட்வொர்க் இஷ்யூதான். இருந்த கேபிளையெல்லாம் மாற்றினோம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடைசியில் கிரணை நகரச் சொல்லிவிட்டு, நடப்பதையெல்லாம் சர்வர் எழுதிவைக்கும் லாகை நானே வரி வரியாகப் படித்தேன். நூறு வரி குப்பைக்கு நடுவில் ஒரு வரி இருந்தது. 'கிளாக் ஸ்க்யூ டூ கிரேட்.' கடிகாரம் ரொம்ப விலகியிருக்கிறது என்று அர்த்தம்.

இளைய பிள்ளைகளுக்கு இதை விளக்கிவிடுகிறேன். நாம் லாகின் செய்ததும் சர்வர் ஒரு டிக்கெட் கொடுக்கும். பஸ் டிக்கெட் மாதிரி அதில் நேரம் குத்தியிருக்கும். நம் பி.சி.யின் நேரமும் சர்வரின் நேரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால், இது செல்லாத டிக்கெட் என்று தள்ளிவிடும். ரீஸ்டார்ட் செய்தால் பி.சி. சர்வரைப் பார்த்து நேரத்தைச் சரி செய்துகொள்ளும். அதனால்தான் கொஞ்ச நேரம் ஓடியது. அப்புறம் யாரோ, எதுவோ, அந்த நேரத்தை மறுபடி மாற்றுகிறது.

டைம் ஆபீஸ் பி.சி.யின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். என் செல்போனைப் பார்த்தேன். எட்டு நிமிடம் பின்னால் இருந்தது. அந்த இரண்டு பி.சி.யிலும், ஆட்கள் வரும் போகும் நேரத்தைப் பதியும் பஞ்சிங் மெஷினின் சாஃப்ட்வேர் இருந்தது. அது மணிக்கு ஒரு தடவை மெஷினின் நேரத்தை வாங்கி பி.சி.க்கு வைத்துவிடும். மெஷினே எட்டு நிமிடம் ஸ்லோ. பஞ்சிங் மெஷின் பர்சனல் டிபார்ட்மெண்ட் சொத்து. அதன் சாவியும் கோட் நம்பரும் டைம் கீப்பர் நாராயணப்பாவிடம் மட்டும்தான்.

3. கிணறு வெட்டக் கிளம்பிய பூதம்

நாராயணப்பா என் வயதுக்காரர்தான். தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடும்பம். வீட்டில் தெலுங்கு, கேட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். அதிகம் பேசமாட்டார். பேட்டரி வீக்காக இருக்கும், மாற்றிவிடலாம் என்ற நினைப்பில்தான் போய்ச் சொன்னேன்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்குது மேடம். நான்தான் வெச்சேன்" என்றார்.

வருகை நேரத்தில் கை வைத்தால் வேலை போகும் என்பது வாட்ச்மேனிலிருந்து ஜி.எம். வரை எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"குருபரப்பள்ளி பஸ் இருக்குதில்ல? அசெம்பிளி பொம்பளைங்க அறுபது பேர் வர்ற பஸ். ரோட்ட அகலம் பண்றாங்கன்னு சூளகிரிகிட்ட தோண்டிப் போட்டாங்க. அன்னைலருந்து எட்டரை ஷிஃப்டுக்கு அந்த பஸ் எட்டு முப்பத்தஞ்சு, முப்பத்தாறுக்குத்தான் வருது. பஸ்ஸு கம்பெனி பஸ்ஸு. லேட்டு மட்டும் அவங்க பேர்ல. மூணு லேட்டு ஆனா அரை நாள் லீவு போவுது. ஒரு நாள் ஒரு பொண்ணு பஸ்ஸு நிக்கறதுக்குள்ள குதிச்சு ஓடியாந்துச்சு. கேட்டுகிட்ட உழுந்து முட்டி பேந்துபோச்சு. ரத்தத்தோட வந்து கார்டு காட்டுது, அப்பவும் மெஷினு லேட்டுன்னு அடிக்குது. அதுக்கு மேல என்னால ஆவல மேடம்."

"சாயங்காலம்? அஞ்சு மணிக்குப் போனா மெஷின்ல நாலு அம்பத்திரண்டுன்னுல்ல விழும்?"

"சங்கு என் கையிலதான இருக்குது? காலையிலயும் எட்டு நிமிஷம் கழிச்சுதான் ஊதறேன், சாயங்காலமும் எட்டு நிமிஷம் கழிச்சுதான் ஊதறேன். மூணு ஷிஃப்டுக்கும் அப்படித்தான். கம்பெனிக்கு ஒரு நிமிஷம் நஷ்டமில்ல."

ஒரு வருடத்துக்கு மேலாக மொத்தத் தொழிற்சாலையும் நாராயணப்பா நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கையில் செல்போன் வைத்துக்கொண்டே நாங்கள் எல்லாரும், சங்கு கொஞ்சம் லேட்டு என்று அலுத்துக்கொண்டு விட்டுவிட்டோம்.

எனக்கு வந்த முதல் யோசனை திருட்டு யோசனைதான். "அந்த அஞ்சு நிமிஷ லிமிட்ட செட்டிங்ல இருபதாக்கிடறேன் நாராயணப்பா. அப்ளிகேஷன் ஓடிடும். யாருக்கும் தெரியாது."

"அப்படிப் பண்ணலாமா? தப்பில்லயா?"

"பண்ணலாம். பழைய டிக்கெட்ட வெச்சு எவனாவது உள்ள வரதுக்குக் கொஞ்சம் வழி விட்ட மாதிரி ஆகும்."

"அப்ப வேணாம். நான் பண்ணது என்னோட இருக்கட்டும். உங்க வேலையில அத ஏத்தாதீங்க. நானே வந்து ஜி.எம்.கிட்ட சொல்றேன்" என்று எழுந்துவிட்டார். மதியம் வரை பொறுங்கள் என்று கெஞ்சி உட்காரவைத்தேன்.

என் அறைக்குப் போய், மூன்று மாதப் பஞ்சிங் விவரத்தை எடுத்து எக்செல்லில் போட்டு, ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம் கூட்டினேன். நிஜமாக லேட் யார் யார் என்று பார்ப்பதற்கு. எதிர்பார்த்த மாதிரி குருபரப்பள்ளி பஸ் மொத்தமாக வந்து விழுந்தது. அதற்கும் கீழே, பஸ் கம்பெனியுடையது என்ற சாக்குக்கூட இல்லாத ஒரே ஒரு பெயர் இருந்தது. நான்.

மத்திகிரி டவுன் பஸ்ஸைப் பிடித்து எட்டு முப்பத்து மூன்றுக்கும் முப்பத்து நான்குக்கும் வந்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். ஒரு லேட் மார்க் கிடையாது என்று கேண்டீனில் நான் அடித்த ஜம்பம் இருக்கிறதே! அதை நினைத்து அந்த நாற்காலியிலேயே வெட்கப்பட்டேன்.

4. சிவப்பு மையில் ஒரு வார்த்தை

ஜி.எம். அறையில் நாராயணப்பா இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். மெஷினை ஸ்லோவாக வைத்தது நான்தான், வேறு யாருக்கும் தெரியாது என்று.

ஜி.எம். முகம் சிவந்துவிட்டது. "ஃபேக்டரிய நான் நடத்தறேனா, நீ நடத்தறியாய்யா? இதுக்கு என்ன பேர் தெரியுமா?"

நான் லிஸ்டை மேசையில் வைத்தேன். "சார், இதுல லேட்டா வந்தவங்க எல்லாம் ஒரே பஸ். அது நாம விடற பஸ். தனியா இருக்கற பேர் என்னோடது. நானும் இந்த எட்டு நிமிஷத்துலதான் சார் இருந்திருக்கேன். அவர்மேல நடவடிக்கைன்னா என் பேரையும் சேத்துக்கங்க."

"நீங்க சும்மா இருங்கம்மா. பஸ் லேட்டாகுதுன்னா சொல்றதுக்கு வாயில்லயா இவருக்கு?"

"ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன் சார். பர்சனல்ல ஃபைல் இருக்கும்" என்றார் நாராயணப்பா.

ஃபைல் வந்தது. இரண்டு கடிதமும் இருந்தன. கோடு போட்ட தாளில், நேரத்தோடு தேதியோடு, அழகான கையெழுத்தில். இரண்டின் ஓரத்திலும் சிவப்பு மையில் ஒரே வார்த்தை, 'டிஸ்கஸ்'. அதற்குக் கீழே சுருக்கொப்பம். ஜி.எம்.முடைய சுருக்கொப்பம்.

அவர் இரண்டு தாளையும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "டிஸ்கஸ்னு எழுதினேன். கூப்பிட்டு டிஸ்கஸ் பண்ணவேயில்ல" என்று எங்களிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. பெரிய பதவியில் இருப்பவர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவருக்கும் நான் நன்றி சொல்லவேண்டும்.

உட்கார்ந்த இடத்திலேயே உத்தரவு போட்டார். திங்கட்கிழமையிலிருந்து குருபரப்பள்ளி பஸ் கால் மணி நேரம் முன்னால் கிளம்பவேண்டும். ரோடு வேலை முடியும்வரை கம்பெனி பஸ் லேட்டானால் அதில் வருபவர்களுக்கு லேட் மார்க் கிடையாது. நாராயணப்பாவுக்கு வேலை போகாது, ஒரு எச்சரிக்கை மெமோ மட்டும்.

அன்று சாயங்காலம் நாராயணப்பா மெஷினைத் திறந்து நேரத்தைத் தன் கையாலேயே சரி செய்தார். மெஷினும் இனி சர்வரைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்ளும்படி நான் மாற்றினேன். கேட் பி.சி.யில் அப்ளிகேஷன் திறந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தோம், திறந்தது. மறுநாள் காலையிலும் திறந்தது. கிரண் எனக்குக் கை கொடுத்தான். ஒன்றாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள் மிச்சம் இருந்தது.

5. மெமோ

பர்சனல் டைப்பிஸ்ட் லீவில் இருந்ததால் மெமோ அடிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. 'அனுமதியின்றி பஞ்சிங் மெஷினின் நேரத்தை எட்டு நிமிடம் குறைத்து வைத்ததற்காக' என்று அடித்து, அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினேன்.

விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். பேனாவைத் திறந்தவர் கையெழுத்துப் போடவில்லை.

"எட்டுன்னு போட்டிருக்கீங்க மேடம்."

"எட்டுதானே?"

"மழைக்காலத்துல பஸ்ஸு இன்னும் லேட்டாவும். அப்ப பதினொண்ணு வெச்சிருந்தேன். அதையும் சேத்து அடிச்சுக் குடுத்துடுங்க. இல்லன்னா இதும் தப்பான ரெக்கார்டாப் போயிடும்."

நான் திரும்பிப் போய், பதினொன்றையும் சேர்த்து அடித்துக்கொண்டு வந்தேன். வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் ஹெட் ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. சிக்கலைத் தன்னந்தனியாகக் கண்டுபிடித்து, குறித்த நாளுக்கு முன்னால் முடித்ததற்காக. என் செக்‌ஷன் பிழைத்தது, நான் ஓசூரிலேயே வேலை பார்த்து ஓய்வும் பெற்றேன். ஒளிக்கவேண்டும் என்று நினைத்திருந்தால் அவர் பேட்டரி கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் நம்பியிருப்பேன். அடுத்த வாரமே அவர் கையால் மெஷின் மறுபடி பின்னால் போயிருக்கும், நான் பெங்களூருக்கு மூட்டை கட்டியிருப்பேன்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஏதாவது ஒரு மெஷின் தப்பாக ஓடினால், சரி செய்வதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். லாகில் இல்லாத காரணம் அவரிடம் இருக்கும்.

நாராயணப்பா தனக்கு வந்த மெமோவைத் திருத்தச் சொன்னார். நான் எனக்கு வந்த பாராட்டுக் கடிதத்தைத் திருத்தச் சொல்லவில்லை. 'தன்னந்தனியாக' என்ற வார்த்தையை அடித்துவிட்டு அவர் பெயரைப் போட்டிருக்கவேண்டும். இத்தனை வருடம் கழித்து இப்போது போடுகிறேன்.