ஸ்டெல்லா எழுதிய ஒரே பக்கம்

பிரிக்பீல்ட்ஸில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். கிள்ளானிலுள்ள ஒரு கிளினிக்கின் முன்பதிவுச் செயலிக்காக, செந்தூலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் புரோகிராமர் ஸ்டெல்லாவை அமர்த்தினேன். மாதம் முடிந்தும் ஒரு பக்கம்தான் தயாராகியிருந்தது.

“உங்க வேகம் சரிவராது லா,” என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன்.

“கிளினிக்ல அந்தப் பக்கத்த மாத்தச் சொல்லிக்கிட்டே இருக்காங்க அண்ணே,” என்றார். நான் காதில் வாங்கவில்லை.

மீதி வேலையை நானே எடுத்தேன். முதல் வாரமே கிளினிக் டாக்டர் மூன்று முறை மாற்றச் சொன்னார். எரிச்சலோடு ஸ்டெல்லாவின் கோப்புகளைத் திறந்தேன். அந்த ஒரு பக்கத்தையே பதினொரு முறை புதிதாக எழுதியிருந்தார். ஒவ்வொன்றும் பிழையின்றி ஓடியது.

உடனே அழைத்தேன். “தப்பு என்னோடது. திரும்ப வாங்க.”

“வேற இடத்துல சேர்ந்துட்டேன் அண்ணே. அன்னிக்கே திறந்து பாத்திருக்கலாம்ல?”

இப்போதெல்லாம் வேலை தாமதமானால், வாடிக்கையாளர்கள் எத்தனை முறை மாற்றச் சொன்னார்கள் என்றுதான் எல்லாரிடமும் முதலில் கேட்கிறேன். ஸ்டெல்லாவிடம் கேட்கவில்லையே என்பது இன்னும் உறுத்துகிறது.