பார்க்கில் பூத்த உப்பு

உப்புக் காய்க்கிற மரம் உலகத்திலேயே எங்கள் மரக்காணத்தில்தான் இருக்கிறது. சரி, காய்க்கிறது என்பது நான் கூட்டிச் சொன்னது. மரத்தடியில் விளைந்தது. விளைவித்தவன் எதிர்வீட்டுக் குழந்தைசாமி.

மீசை முளைக்கும் முன்பே உப்பளத்தில் இறங்கியவன். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்து, இனி அளத்தில் கால் வைக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் புது பார்க்கில் மரம் வளர்க்க ஆள் எடுத்தார்கள். கன்று துளிர்த்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடுதான்.

சூப்பர்வைசர் சடையப்பன் வேப்பங்கன்றுகளைக் காட்டி, "ஒவ்வொண்ணுக்கும் பாத்தி கட்டித் தண்ணி வுடுப்பா" என்று சொல்லிவிட்டு பைக்கில் பறந்தார்.

பாத்தி! அளத்தில் உப்பு விளைகிற கட்டத்துக்கும் அதுதான் பெயர். அந்தச் சொல் காதில் விழுந்தால் குழந்தைசாமியின் கால் தானாக வேலை செய்யும். கன்றைச் சுற்றிக் களிமண்ணைக் கொட்டி, சிமெண்டுத் தரை தோற்கும்படி மிதித்தான். வரப்பு வைத்தான். பார்க்குக்குப் பின்னாலிருந்த உப்பங்கழியை வெட்டித் திருப்பினான்.

சோறு கொண்டுவந்த பெண்டாட்டி அருக்காணி பதறினாள். "யோவ், கன்னு வாடுதுய்யா!"

"சும்மா இரு. பூக்குற நேரம்."

பூத்தது, உப்பு. வாக்கிங் வந்தவர்கள், உப்பு மகாலட்சுமியாயிற்றே என்று செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். பார்க் வாசல் சுண்டல்காரர் உப்பு வாங்குவதையே நிறுத்திவிட்டார். ஆடுகள் நக்க வந்து, அப்படியே மிச்சமிருந்த இலையையும் மேய்ந்தன.

ஆபீசரை அழைத்துக்கொண்டு சடையப்பன் வந்தபோது, கன்றுகளுக்குப் போட்ட கம்பிக் கூண்டுக்குக் கூண்டு உப்பு அம்பாரம், மேலே பனையோலை மூடி.

"டேய், கன்னுங்க எங்கடா?"

"கன்னு கெடக்குது சார், வெள்ளையப் பாருங்க! அளத்துலகூட இப்டி வராது."

"உன்னை மரம் வளக்கத்தானே வச்சேன்?"

"பாத்தி கட்டச் சொன்னது யாரு சார்?"

சடையப்பன் ஆபீசர் பக்கம் திரும்பினார். ஆபீசரோ ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்து, கண் கலங்கி, அங்கேயே வேலையை நிரந்தரமாக்கிவிட்டார். அதனால்தான் இன்று பார்க் முழுக்க, உப்புக்காற்றுக்கு அசராமல், குழந்தைசாமி பிறகு வைத்த பூவரசுகள் தளதளவென்று நிற்கின்றன.

இதை நான் படித்துக் காட்டியபோது அருக்காணி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"புளுகாத, ஆயா. அவர அன்னிக்கே வெளிய அனுப்பிட்டாங்க. பூவரசு வச்சு வளக்கிறது நானு. எனக்கு வேலை குடுத்தப்பகூட ஒரு கண்டிசன் போட்டாங்க: வூட்டுக்காரரு பார்க் கேட்டுக்கு உள்ள கால் வைக்கவே கூடாதாம்."