பாட்டுக்கு முன்னால் வரும் பெயர்கள்

ஓட்டோக்காரர் பாட்டின் சத்தத்தைக் குறைத்த கணத்தில்தான் எனக்கு அது பிடிபட்டது. வியாழக்கிழமை பின்னேரம், மன்னார் ஆஸ்பத்திரியடியிலிருந்து உப்புக்குளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஓட்டோவில் எங்கள் வானொலியின் நேயர் விருப்பம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் வாசித்து முடிக்கும்வரை காதைக் கொடுத்துக்கொண்டிருந்தவர், பாட்டுத் தொடங்கியதும் குறைத்துவிட்டார்.

“ஏன் நானா, பாட்டுப் பிடிக்கேல்லையோ?”

“பாட்டு என்ரை போனிலை எக்கச்சக்கம் கிடக்கு தங்கச்சி. போன் என்ரை பேரைச் சொல்லுமோ?”

புத்தளத்திலிருக்கும் அவருடைய மச்சான் கிழமைதோறும் பாட்டுக் கேட்பாராம். கேட்பவர் வரிசையில் இவர் பெயரையும் சேர்த்துவிடுவாராம். பெருநாளுக்குப் பிறகு சேர்ப்பதில்லை.

“அவன்ரை மகளின்ரை கலியாணத்துக்கு நான் போகேல்லை. அதுக்கு வெட்டிப்போட்டான். இப்ப கரை முழுக்கத் தெரியும்.”

நான் அந்த நிலையத்தில் பகுதிநேர அறிவிப்பாளர். உப்புப் படிந்த தரவை வெளிக்கு நடுவே ஒரு கோபுரம், இரண்டு அறைகள், வேலியடியில் கழுதைகள். காலையில் மூன்று சமயத்துச் சிந்தனை, கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்று நிலவரம், மத்தியானம் மரண அறிவித்தல், பின்னேரம் நேயர் விருப்பம். சின்ன நிலையம்தான். ஆனால் மத்திய அலை கடல்மேல் வழுக்கிக்கொண்டு வெகுதூரம் போகும். சண்டை ஓய்ந்து நிலையம் தொடங்கிய புதிதில், என் உம்மா புத்தளத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தபோது நானாட்டானிலிருந்து பாட்டுக் கேட்டவர்களின் வரிசையில் தன் தங்கையின் பெயரைக் கேட்டாராம். இந்திய அகதி முகாமில் இருந்தவர் திரும்பிவிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. என்ன பாட்டு என்று கேட்டால் உம்மாவுக்கு இன்றைக்கும் நினைவில்லை.

இந்தப் பெயர்களைத்தான் எங்கள் முகாமையாளர் நிறுத்தப் போகிறார்.

“பேர் வாசிக்கிற நேரத்துக்கு இன்னும் மூண்டு பாட்டுப் போடலாம் பிள்ளை. அடுத்த மாதம் எல்லாம் கொம்பியூட்டர் பாக்கும். இளம் ஆக்களுக்கு உது அலுப்பு.”

“சேர், நான் இளம் ஆள்தானே?”

“நீர் சம்பளத்துக்குக் கேக்கிறீர்.”

அடுத்த வியாழன் என் முறை. முகாமையாளர் மாவட்டச் செயலகத்துக்கு, எங்கள் பேச்சில் கச்சேரிக்கு, ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் மைக்கைத் திறந்தேன், பெயர்களை வாசித்தேன், வாசித்துக்கொண்டே இருந்தேன். பாட்டே போடவில்லை. பயமாகத்தான் இருந்தது. தொலைபேசி அடித்ததும் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். ஒரு பெண் குரல்: “தங்கச்சி, பாட்டைக் கீட்டைப் போட்டிடாதேங்கோ. எங்கடை வீடு இன்னும் வரேல்லை!”

கச்சேரியிலிருந்து திரும்பும் வழியில் முகாமையாளரும் கேட்டிருக்கிறார்.

“ஒரு பாட்டுமில்லாமல் நேயர் விருப்பமோ?”

“நேயர் விரும்பினது அதைத்தான் சேர்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “இந்த மாதக் கடைசி வியாழன் ஒண்டு மட்டும் உம்மடை. அதுக்குப் பிறகு உந்தக் கதை எடுத்தால் நீரும் வரத் தேவையில்லை.”

சரி. கதையை நான் எடுக்கவில்லை. பெயர்களுக்குச் சொந்தக்காரர்களே வந்து எடுக்கட்டும். பஸ் ஸ்டாண்டடிக்குப் போய் அந்த ஓட்டோக்காரரைப் பிடித்தேன்.

“நானா, நீங்களே வந்து மைக்கிலை வாசியுங்கோ.”

“என்னை வெட்டினவன்ரை பேரை நான் முதல்லை சொல்லவோ?”

“கடைசியாச் சொல்லுங்கோ.”

யோசித்தார். “உங்கை இருக்கிறதுக்குக் கதிரையாவது கிடக்கோ?”

வரும் வியாழன்தான் மாதக் கடைசி வியாழன், அவர் வருகிறார். ஸ்டாண்டிலிருந்து இன்னும் சிலரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். மச்சானின் பெயரை அவர் சொல்வாரா, வாயை இறுக்கிக்கொள்வாரா, எனக்குத் தெரியாது. புத்தளத்தில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் தெரியாது. மைக் திறந்திருக்கும், நேரடி ஒலிபரப்பு. கலையகத்தில் இருப்பது இரண்டு கதிரைகள். ஒன்று எனக்கு. இன்னொன்றின் மேல் அந்தப் புதுக் கொம்பியூட்டர், பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. அதை நிலத்தில் இறக்கி வைக்கப் போகிறேன்.