சைவப் பெரியோர் வரிசையில் என் அத்தை

எங்கள் பட்டினப்பாக்கம் குப்பத்திலேயே மீன் சாப்பிடாத ஒரே ஆள் என் அத்தை. கூத்து என்னவென்றால், லூப் ரோட்டில் கூடை வைத்து மீன் விற்பவளும் அவள்தான். "சங்கரா இன்னிக்கி சூப்பரா கீது, எட்த்துனு போம்மா" என்று கூவுவாள். ஒரு துண்டைக்கூட வாயில் வைக்க மாட்டாள். ஏன் என்று கேட்டால் "புடிக்காது கண்ணு" என்பாள். தலைகீழாக நின்றாலும் அதற்குமேல் பதில் வராது. அப்பாவின் அக்காவான அவள் எங்களோடுதான் இருந்தாள். எனக்குத் தலை பின்னுவதும் சோறு ஊட்டுவதும் அவள்தான்.

நான் ஐந்தாவது படித்தபோது மயிலாப்பூரில் எங்கள் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். எனக்கு வந்த தலைப்பு, 'உலகம் போற்றும் சைவ உணவுப் பெரியோர்'. கடையில் விற்ற படத்தாளை வெட்டி சார்ட்டில் ஒட்டினேன். கைத்தடி ஊன்றிய தேசத் தலைவர், வெள்ளாடை போர்த்திய துறவி, தாடி வைத்த வெளிநாட்டு ஓவியர் என்று ஏழு பேர் தேறினார்கள். எல்லோருக்கும் கீழே டீச்சர் சொன்ன ஒரே வரி: 'உயிர்களிடம் கொண்ட அன்பால் புலால் மறுத்தவர்.' எட்டாவது கட்டம் காலி. காலியாக விட்டால் மானம் போய்விடாதா? அத்தையின் போட்டோவை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டி, அதே வரியை அவளுக்கும் எழுதிவிட்டேன். பரிசு எனக்குத்தான் என்று ஒரே மிதப்பு.

கண்காட்சியன்று அத்தை வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மீன் வித்துக்கிட்டே மீன் மேல இவ்ளோ கருணையா! எப்பேர்ப்பட்ட மனசும்மா உங்களுக்கு!" சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா எய்திக்கீற, படி" என்றாள். நான் கணீரென்று படித்தேன். அவள் முகம் சுண்டிப்போனது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். இவங்கோ கூடல்லாம் என்னிய வெக்காதீங்கோ."

சொல்லிவிட்டு, நகத்தால் சுரண்டித் தன் படத்தைக் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். என் சார்ட்டில் ஓர் ஓட்டை விழுந்தது. பரிசு வேறொருத்திக்குப் போனது. "நீ வராமலே இருந்திருக்கலாம்" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

சாயங்காலம் அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். அத்தை தட்டோடு வந்து உட்கார்ந்தாள். "கோவமா கண்ணு? துன்னுட்டு கோச்சுக்கோ."

அத்தையின் கணவரான மாமா கடலுக்குப் போனதும், படகு மட்டும் கரை ஒதுங்கியதும், கடைசிவரை உடல் கிடைக்காததும் எனக்கு அந்த வயதிலேயே தெரியும். குப்பத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அதையும் அத்தை மீனைத் தொடாததையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. கடலோடு போனவரை மீன்தானே தின்றிருக்கும் என்பது எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின.

அன்று அவள் ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, முள் பார்த்து எடுத்து ஊட்டினாள். நான் உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டே, இன்னொரு துண்டு கேட்டு வாயைத் திறந்தேன்.