நாதன்ர கமராவும் மேனுகாவின்ர மச்சமும்

கதிர்காமநாதன் எண்டு கேட்டால் கிளிநொச்சியில ஒருத்தருக்கும் ஆளைத் தெரியாது. படக்கார நாதன் எண்டு கேளுங்கோ, வட்டக்கச்சியில இருந்து பரந்தன் மட்டும் சந்திக்குச் சந்தி வழி காட்டுவினம். என்ர தங்கச்சி ஜெயரூபியின்ர மனிசன் அவர். சாப்பிட இருந்தாலும் பக்கத்துக் கதிரையில கமராவை இருத்திப்போட்டுத்தான் சோத்தில கை வைப்பார்.

நான் தயாளினி. பொம்பிளை வெளிக்கிடுத்திறது என்ர தொழில். கலியாணம், சாமத்தியவீடு எண்டால் நானும் நாதனும் சேர்ந்துதான் போவம். நான் பிள்ளைக்குப் பூசி வெள்ளையாக்க, மிச்சத்தை அவர் கமராவில வெள்ளையாக்குவார். சிரிக்காதேங்கோ. எங்கட சனத்துக்கு அப்பிடித்தான் வேணும். அல்பத்தைத் திறந்த உடன தாய்க்காரி, "பிள்ளை கறுப்பா விழுந்திட்டாள்" எண்டு ஒரு வசனம் சொன்னால் காணும், அந்த ஊருக்குள்ள நாதனுக்கு அதோட வேலை இல்லை.

அதால அவர் ஒரு வழி பிடிச்சு வைச்சிருந்தார். படத்தின்ர வெளிச்சத்தை மூண்டு இடத்தில கூட்டிக் குறைக்கலாமாம். லென்ஸின்ர துவாரத்தை எவ்வளவு திறக்கிறது, ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறது, ஐ.எஸ்.ஓ.வை எவ்வளவுக்கு ஏத்துறது. இது போதாதெண்டு பிளஸ் மைனஸ் போட்ட ஒரு பொத்தானும் இருக்கு. கமரா தானாப் பாத்து ஒரு வெளிச்சத்தை எடுத்து வைக்கும், அது சரியில்லை எண்டு பட்டால் அந்தப் பொத்தானை அமத்தி நாங்கள் கூட்டலாம், குறைக்கலாம். நாதன் அதைப் பிளஸ் பக்கம் ஏத்தி விட்டவர் விட்டவர்தான். கோயில் திருவிழாவெண்டாலும் பிளஸ், இரணைமடுக் குளக்கட்டில சோடியளை நிப்பாட்டி எடுக்கிற படமெண்டாலும் பிளஸ். முகமெல்லாம் பளபளவெண்டு நிக்கும், சனமும் சந்தோசமாக் கொண்டுபோகும்.

மகள் மேனுகா பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கின வருசம் ஜெயரூபி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். வாசல் படலையடியில நிண்டு, "போயிட்டு வாறன்" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிப் பாக்காமல் நடந்தவள். வீட்டைக் கட்டி முடிச்ச உடன வாறன் எண்டாள். பிறகு கிணறு எண்டாள். பிறகு நாதனுக்கு ஒரு நல்ல கமரா எண்டாள். நாதன்ர கழுத்தில தொங்கிற அந்தக் கமரா அவள் அங்க நிலம் துடைச்சு அனுப்பினதில வந்ததுதான்.

வீடியோவில பாக்கலாமே எண்டு கேப்பியள். அவளின்ர கையில போன் வாறது வெள்ளிக்கிழமையில மட்டும். எங்கட பக்கத்துச் சிக்னல் இருக்கே, கோதாரி விழுந்தது, முகம் சதுரம் சதுரமா உடைஞ்சு அப்பிடியே நிண்டிடும். அதால நாதன் வெள்ளிக்கு வெள்ளி படம் எடுத்து அனுப்புவார். அதுவும் அந்தப் பிளஸ்ஸிலதான். அவள் பாத்திட்டு, "எல்லாரும் நல்லாத்தானே இருக்கிறியள், முகமெல்லாம் பளிச்செண்டு கிடக்கு" எண்டு சொல்லுவாள். சொல்லிப்போட்டு அடுத்த ஒப்பந்தத்திலயும் கையெழுத்து வைப்பாள்.

நாதன் ஒருநாளும் வா எண்டு வாய் திறந்து கேக்கேல்லை. ஆசை இல்லாமலோ? விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டால் கை தன்ர பாட்டில ரெண்டு கோப்பையில ஊத்தும். பிறகு ஒண்டைத் திருப்பிக் கேத்திலுக்குள்ள விடுவார். நான் கண்ணால கண்டனான். சொல்லித் துலையுமன், அவள் வரட்டுமன் எண்டு நான் எத்தினை தரம் ஏசியிருப்பன். அவளாத்தான் வரவேணும், நான் கூப்பிட்டு வந்தால் பிறகு மனம் நொந்துகொண்டிருப்பாள் எண்டு சொல்லுவார். கண்டறியாத ரோசம். எனக்கெண்டால் பத்தி எரியும்.

இப்பிடி இருக்கேக்க மேனுகா பெரியபிள்ளையானாள். ஜெயரூபிக்கு லீவு குடுக்கேல்லை. கேட்டுக் கேட்டு அழுது முடிஞ்சு, கடைசியா நாதனிட்ட ஒண்டே ஒண்டு கேட்டாள்.

"எனக்கு அல்பம் ஒண்டும் வேண்டாம். பிள்ளையின்ர முகத்தைக் கிட்டவா எடுத்து அனுப்புங்கோ. அவளின்ர மச்சத்தை நான் பாக்கவேணும்."

இடது கண்ணுக்குக் கீழ மேனுகாவுக்குச் சின்னனா ஒரு மச்சம். ஏணைக்குள்ள கிடந்த காலத்தில அதில கொஞ்சித்தான் ஜெயரூபி அவளை நித்திரையாக்குவாள்.

சாமத்தியவீடு நல்லாத்தான் நடந்தது. நான் என்ர கைவரிசை முழுக்கக் காட்டினன். தகப்பன்காரன் வேட்டி கட்டிப் பிள்ளைக்குப் பக்கத்தில நிக்கவேணும். இந்தாள் எங்க நிண்டவர்? வேற ஆரும் எடுத்தால் பிழைச்சுப் போகும் எண்டு வேட்டியை முழங்காலுக்கு மேல சண்டிக்கட்டாக் கட்டிக்கொண்டு கமராவோட ஓடித் திரிஞ்சார். விரல் தன்ர பாட்டில பழைய இடத்துக்குப் போயிட்டுது. எல்லாப் படமும் பிளஸ்.

கிட்டவா எடுத்த படங்களைத் தெரிஞ்செடுத்து அனுப்பினார். வெள்ளிக்கிழமை போனில அவளின்ர குரல் பதிவு வந்துது.

"இது ஆரின்ர பிள்ளை? வடிவாத்தான் இருக்கு. என்ர பிள்ளையின்ர மச்சம் எங்க?"

நாதன் கொம்பியூட்டரில படத்தைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தார். கன்னம் முழுக்க வெள்ளை. வெளிச்சத்தைக் குறைச்சுப் பாத்தார், முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வந்துதேயொழிய மச்சம் வரேல்லை. இருண்ட படத்தைக் கொஞ்சம் வெளிக்க வைக்கலாமாம், இப்பிடி வெள்ளையா எரிஞ்ச இடத்துக்குள்ள ஒண்டுமே இருக்காதாம். கறியில உப்புக் குறைஞ்சால் போடலாம், கூடினால் என்ன செய்யிறது, அது மாதிரி எண்டு நான் விளங்கிக்கொண்டன். பிறகு மனிசன் என்னிலயும் பாய்ஞ்சார், உங்கட பூச்சும்தான் காரணம் எண்டு. நானும் விடேல்லை, நல்லாக் குடுத்தன். கடைசியில தலையில கையை வைச்சுக்கொண்டு இருந்தார், பாக்கப் பாவமாப் போச்சு.

அடுத்தநாள் காலமை பிள்ளையை முகம் கழுவச் சொல்லிக் குசினி வாசலில இருத்தினார். பவுடரும் இல்லை, பொட்டும் இல்லை. பின்னால குசினி இருட்டு. கமராவும் ஒரு விசர்ச் சாமான்தான். இருட்டைக் கண்டால் வெளிச்சம் காணாது எண்டு தானாவே கூட்டும், வெள்ளையைக் கண்டால் குறைக்கும், எல்லாத்தையும் சாம்பலாக்கத்தான் அதுக்குத் தெரியும். நாதன் பிள்ளையின்ர கன்னத்தில மட்டும் வெளிச்சத்தை அளந்தார். பிறகு அந்தப் பொத்தானை மைனஸ் பக்கம் திருப்பினார். நான் அறிய அதுதான் முதல்தரம்.

"அம்மாவைப் பாக்கிற மாதிரி இதுக்குள்ள பார்" எண்டார். அவள் பாத்தாள்.

எடுத்த படத்தை நான் வாங்கிப் பாத்தன். பிள்ளை தன்ர நிறத்தில இருந்தாள், எங்கட நிறத்தில. மச்சம் அப்பிடியே இருந்துது. மச்சத்தைச் சுத்திக் கண்ணுக்குக் கீழ கருவளையமும் இருந்துது. பள்ளிக்கூடம் விட்டு எல்லாப் பிள்ளையளையும் தாய்மார் கூட்டிக்கொண்டு போன பிறகு, கேற்றடியில தனிய நிக்கிற பிள்ளை பாக்கிற பார்வை.

நாதனுக்கு அதை அனுப்ப மனமில்லை. இதைப் பாத்தால் அவள் அங்க சாப்பிடமாட்டாள் எண்டார். சாப்பிடாட்டிப் பரவாயில்லை, வாற மாசம் திரும்பக் கையெழுத்து வைக்கப் போறாள், அதுக்கு முதல் அவள் தன்ர பிள்ளையை ஒருக்காப் பாக்கட்டும் எண்டு நான் சத்தம் போட்டன். அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை அவளின்ர குரல் மெல்லமா வந்துது. "பிள்ளை நித்திரை கொள்ளுறேல்லையா?"

கொஞ்சம் செல்ல இன்னொண்டு வந்துது.

"உங்களையும் ஒண்டு எடுத்து அனுப்புங்கோ. வெள்ளையாக்காமல்."

ஊரை எல்லாம் படம் பிடிச்ச மனிசனை ஒருத்தரும் படம் பிடிக்கேல்லை எண்டது அப்பதான் எனக்கு உறைச்சுது. அதே குசினி வாசலில அவரை இருத்தினன். எல்லாத்தையும் அவரே சரிப்பண்ணித் தந்தார், நான் அமத்தினது மட்டும்தான். படத்தைப் பாத்திட்டு, "அழியுங்கோ மச்சாள், கிழவன் மாதிரிக் கிடக்கு" எண்டார். ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு கமராவின்ர கார்டைக் கழட்டிக்கொண்டு போய் நானே அனுப்பினன். நரைச்ச தாடியும் குழி விழுந்த கண்ணுமா, உள்ளது உள்ளபடி.

பதில் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கேல்லை. குவைத்தில அந்த வீட்டம்மாவிட்டக் கெஞ்சிப் போனை வாங்கியிருக்கவேணும். ஒரு சொல்தான் எழுதியிருந்தாள்.

"வாறன்."

போனை நாதனிட்டக் காட்டினன். மனிசன் வாசிச்சார், திரும்ப வாசிச்சார். எப்பவாம் எண்டு கேட்டார். அது எழுதேல்லை எண்டன். மேனுகா போனைப் பறிச்சுக்கொண்டு ஓடினாள்.

அடுத்தநாள் விடிய நான் போகேக்க நாதன் முத்தத்தில நிண்டு படலைப் பக்கம் கமராவைத் திருப்பிப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். படலையில ஒரு குருவியும் இல்லை. மத்தியானம் கொதிக்கிற வெயிலுக்கையும் அதே இடத்தில நிண்டார். பின்னேரம் பொழுது சாயேக்கயும் நிண்டார். என்ன, விசரே உமக்கு எண்டு கேட்டன்.

"ஒவ்வொரு நேரமும் படலையடியில வெளிச்சம் எப்பிடி எண்டு அளந்து வைக்கிறன்" எண்டார். "அவள் எந்த நேரம் வருவாள் எண்டு தெரியாதே, மச்சாள்."