என் மருமகள் கம்பெனிக்கு வந்த பஞ்சாயத்து

பொன்னமராவதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் என் மருமகள் துணிக் கம்பெனி நடத்துகிறாள். குர்தா, சுடிதார், அப்புறம் சேலைக்கு உள்ளே கட்டுகிற பாவாடை. அந்தப் பாவாடையில் பாக்கெட் உண்டு! செல்போன், வெற்றிலை, பஸ் டிக்கெட் எல்லாம் உள்ளே போய்விடும். நார்த்தாமலை போகிற பஸ்ஸில் ஓர் அம்மா என் பாக்கெட்டைப் பற்றியே விசாரித்துக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உலகத்து விஷயத்தையெல்லாம் எழுதி வைக்கிற கலைக்களஞ்சியம் ஒன்று செல்போனிலேயே இருக்கிறதாம். அதில் என் பேத்தி இந்தக் கம்பெனியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டாள். மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுடைய அண்ணன் இன்னும் அதைத் ‘தையக்கடை’ என்றுதான் சொல்வார். அந்தப் பக்கத்தைக் காட்டி, அவர் வாயால் கம்பெனி என்று சொல்ல வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு.

மறுநாளே யாரோ ஒருவர், இந்தக் கம்பெனிக்குத் தனிப் பக்கம் தேவையா, எடுத்துவிடலாமா என்று விவாதம் வைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாமாம்.

“பஞ்சாயத்துன்னு வந்துட்டா நம்ம சனம் சும்மா இருக்குமா?” என்று என் மகன் குடும்ப வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டான். பங்காளி, மாமன் மச்சான் எல்லாரும் வேன் பிடித்து வந்து நம் பக்கம் உட்காருவதுதானே வழக்கம்? துபாய், சிங்கப்பூர், வல்லத்திராக்கோட்டை என்று எல்லாத் திசையிலிருந்தும் எழுதிவிட்டார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி வாசிக்க வாசிக்க அப்படி ஒரு சந்தோஷம்.

“அப்பத்தா, துபாய் சித்தப்பா எழுதுனதக் கேளு. ‘பக்கத்த எடுக்காதீங்க. இது எங்க மதினி கம்பெனி. மதினி மீன் கொழம்பும் நல்லா வைப்பாங்க.’”

“உள்ளதத்தானடி சொல்லியிருக்கான்!” என்றேன்.

விவாதம் வைத்தவர் பொறுமையாகப் பதில் எழுதினார். தலையை எண்ணி முடிவெடுக்க மாட்டார்களாம். சொந்தக்காரர் பேச்சு செல்லாதாம். சம்பந்தமில்லாத வெளியாள் யாராவது பத்திரிகையிலோ புத்தகத்திலோ விரிவாக எழுதியிருக்க வேண்டுமாம். முகம் தெரியாத மனிதர் எங்கள் பாவாடைக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார், பாருங்கள்! அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் வெளியாள் எழுதியது எங்களிடம் ஏது? கடைசியில் பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

மருமகள் முகம் வாடிப்போயிற்று.

“விடு தாயி,” என்றேன்.

“இருங்க அத்தை. ஏய், மிச்சம் பேரு என்ன எழுதியிருக்காங்கன்னு வாசி,” என்றாள் மகளிடம்.

செல்போனைத் தள்ளிக்கொண்டே போன பேத்தி கத்தினாள். “அம்மா, மாமாவும் எழுதியிருக்காரும்மா! ‘என் தங்கச்சி கம்பெனிய எடுத்தீங்கன்னா நல்லாருக்காது.’”

“கம்பெனின்னா போட்டுருக்கு? தையக்கடைன்னு இல்லையே?”

“கம்பெனிதாம்மா.”

“பக்கத்த எடுத்துட்டாங்கள்ல, இதையும் அழிச்சிருவாங்களா?”

“இல்லம்மா. விவாதம் பண்ணுன எடம் அப்படியே இருக்குமாம்.”

“அப்பச் சரி. ஒங்க மாமாவுக்குப் போனப் போடு,” என்றாள் மருமகள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அங்கிட்டுத் திரும்பிக்கொண்டேன்.